தேம்ஸ் நதியின் கனவான்கள்

விளையாட்டும் அந்தஸ்தும் – வரலாற்றுத் தொடர்: அத்தியாயம் 7

சென்ற அத்தியாயத்தில் நாம் கண்ட கிரிக்கெட் மைதானத்திலே கனவான்களும் கூலிக்கு ஆடுபவர்களும் வெவ்வேறு வாயில்கள் வழியாக வந்தார்கள், வெவ்வேறு அறைகளில் உடை மாற்றிக்கொண்டார்கள், ஆட்ட அட்டையிலே ஒரு சாராருக்குப் பெயரின் முதலெழுத்து முன்னாலும் மற்றவர்களுக்குப் பின்னாலும் அச்சிடப்பட்டது என்றாலும், ஆட்டம் தொடங்கிவிட்டால் இரு சாராரும் ஒரே புல்தரையில் ஒரே பந்தின் பின்னால் ஓடியே தீர வேண்டியிருந்தது. தேம்ஸ் நதியில் துடுப்புப் பிடித்த கனவான்களோ அந்த அளவுக்குக்கூட இறங்கி வர இசையவில்லை. உடலால் உழைத்துப் பிழைக்கிறவன் எவனும் தாங்கள் பந்தயம் விடும் நீரிலே தங்களுக்கு எதிராகப் படகு விடலாகாது என்று எழுத்து மூலமாகவே ஒரு விதி செய்து, அந்த விதியை ஏறக்குறைய அறுபது ஆண்டு காலம் கட்டிக் காத்தார்கள். அந்த விதி பிறந்த கதையையும், அதை எதிர்த்து நின்ற ஒரு கிழவரின் கதையையும், அதனால் அவமதிக்கப்பட்ட ஒரு கொத்தனாரின் கதையையும் இந்த அத்தியாயத்தில் சொல்ல நினைக்கிறேன்.

கனவான்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த நதி உழைப்பாளிகளின் நதியாக இருந்தது. 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்படுகிற வரையில் லண்டன் நகரின் மையப் பகுதியில் ஆற்றைக் கடப்பதற்கு லண்டன் பாலம் ஒன்றே இருந்தபடியால், நீதிமன்றத்துக்குப் போகிற வக்கீலும், நாடகக் கொட்டகைக்குப் போகிற சீமானும், சந்தைக்குப் போகிற கிழவியும் காசு கொடுத்துப் படகு பிடித்துத்தான் அக்கரை சேர வேண்டும். இந்தப் படகோட்டிகளுக்கு 1555ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் ஒரு சங்கம் ஏற்பட்டிருந்தது. பல ஆண்டுகள் ஒரு முதலாளியிடம் அடங்கித் தொழில் பயின்று, பயிற்சிக் காலம் தீர்ந்த பிறகே ஒருவன் சுயேச்சையாகப் படகு விட முடியும். அப்படி விடுதலை பெற்ற இளம் படகோட்டிகளுக்காக 1715இல் தாமஸ் டாகெட் என்ற அயர்லாந்துக்கார நகைச்சுவை நடிகர் ஏற்படுத்திய பந்தயம் இன்றளவும் நடைபெற்று வருகிறது. லண்டன் பாலத்திலிருந்து செல்சி வரையில் சுமார் நாலரை மைல் தூரம். ஜயித்தவனுக்குப் பரிசு ஒரு மேலங்கியும், கையில் அணிந்துகொள்ளும் பெரிய வெள்ளி வில்லையும்.

அந்த வில்லையிலே பொறிக்கப்பட்டிருப்பது ஹானோவர் வமிசத்தின் குதிரை என்பதைக் கவனிக்க வேண்டும். டாகெட் விக் கட்சியில் தீவிரப் பற்றுள்ளவர்; அந்த வமிசத்து முதலாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்த தினத்தைக் கொண்டாடுவதற்காகவே அவர் இந்தப் பந்தயத்தைத் தோற்றுவித்தார்; மேலங்கிக்கு ஆதியில் தேர்ந்தெடுத்த ஆரஞ்சு வர்ணமும் அவருடைய கட்சி அபிமானத்தைப் பறைசாற்றுவதுதான். ஆக, அரசியலும் ஆடை அடையாளமும் துடுப்புப் பந்தயத்துக்குள் பிற்காலத்தில் எங்கிருந்தோ வந்து புகுந்த அந்நியங்கள் அல்ல. முதல் நாளிலேயே பந்தயப் பரிசின் உருவில் அங்கே வந்து அமர்ந்துவிட்டவை. ஆனால் அந்த மேலங்கி, அதை அணிந்தவன் தன் தொழிலில் தேர்ந்தவன் என்று உலகுக்குச் சொல்லிற்று. ஒரு நூற்றாண்டு கழித்து அதே ஆற்றங்கரையில் வேறு வகையான சட்டைகள் தோன்றி, அணிந்தவனுக்குத் தொழிலே வேண்டியதில்லை என்று சொல்லத் தலைப்பட்டன.

அந்தச் சட்டைகள் வந்தது பள்ளிக்கூடங்களிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும். பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் படகோட்டிகளின் பந்தயத்தின்மேல் பணம் கட்டி வேடிக்கை பார்ப்பதோடு நின்றிருந்த பெரிய மனிதர்களின் பிள்ளைகள், ஈட்டன், வெஸ்ட்மின்ஸ்டர் முதலிய பள்ளிகளில் தாங்களே துடுப்பெடுக்கக் கற்றுக்கொண்டார்கள். 1829 ஜூன் மாதத்தில் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் முதல் தடவையாக ஹென்லி என்ற ஊரருகே மோதின. போட்டிக்கு வித்திட்டவர்கள் ஹாரோ பள்ளியின் பழைய நண்பர்கள் இருவர், ஒருவர் கவி வேர்ட்ஸ்வொர்த்தின் சகோதரர் மகன். இரண்டாவது போட்டி 1836இல் லண்டனில் நடந்தபோது, புறப்படுகிற தறுவாயில் கேம்பிரிட்ஜ் படகுக்கு ஒரு வர்ணம் வேண்டுமே என்று யாரோ நினைவூட்ட, ஒருவர் கடைக்கு ஓடி ஈட்டன் பள்ளியின் வெளிர்நீல நாடாவில் ஒரு துண்டு வாங்கி வந்து படகின் முனையில் கட்டினாராம். அந்தத் துண்டு நாடாவிலிருந்து கிளைத்ததுதான் கேம்பிரிட்ஜின் நீலம். பல்கலைக்கழகத்துக்காகப் படகு விட்டவன் ‘நீலம் பெற்றவன்’ ஆனான். அந்தப் பட்டம் படிப்புப் பட்டத்தைக் காட்டிலும் சில இடங்களில் அதிகம் மதிக்கப்பட்டது. பிற்காலத்தில் சூடான் தேசத்தை ஆள்வதற்கு அனுப்பப்பட்ட அரசியல் அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தபோது, பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்ணைவிட விளையாட்டில் பெற்ற நீலத்துக்கே கூடுதலாகக் கவனம் செலுத்தப்பட்டது என்பது பிரசித்தமான விஷயம். எட்டுப் பேர் ஒரே தாளத்தில் துடுப்பிழுக்கத் தெரிந்தால் நைல் நதிக்கரை மக்களுக்கு நியாயம் வழங்கவும் தெரிந்துவிடும் என்று எப்படி நம்பினார்களோ, அது சாம்ராஜ்யத்தின் ரகசியங்களுள் ஒன்று.

ஹென்லி ஊராருக்கு அந்த 1829ஆம் ஆண்டுக் கூட்டம் மறக்கவில்லை. பந்தயம் பார்க்க வந்தவர்கள் உண்டார்கள், குடித்தார்கள், தங்கினார்கள், காசு செலவழித்தார்கள். ஆதலால் 1839இல் ஊர்ப் பிரமுகர்கள் கூடி, வருஷந்தோறும் ஒரு படகுப் பந்தய விழா நடத்துவதென்றும் அதனால் ஊரின் வியாபாரம் விருத்தியடையும் என்றும் தீர்மானித்தார்கள். பணத்தின் நிழல்கூடத் தங்கள் விளையாட்டின்மேல் படக்கூடாது என்று பின்னாளில் முழங்கிய அந்த விழா, சத்திரக்காரர்களின் வரும்படியை உத்தேசித்துப் பிறந்தது என்பதை எண்ணினால் சிரிப்பு வராமல் இராது. 1851இல் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் புரவலராகி, விழாவுக்கு ‘ராயல்’ என்ற அடைமொழி கிடைத்தது; 1857இல் ரயில் பாதை வந்து சேர்ந்தது; அதன் பிறகு ஜூலை மாதத்து ஹென்லி, லண்டன் உயர்குடியினரின் வருஷாந்தர உற்சவங்களில் ஒன்றாகிவிட்டது. லியாண்டர் கழகத்தாரின் இளஞ்சிவப்புத் தொப்பியும், கேம்பிரிட்ஜின் லேடி மார்கரெட் கழகத்தாரின் நெருப்பு நிறச் சட்டையும், மற்றக் கழகங்களின் கோடு போட்ட சட்டைகளும் ஆற்றங்கரையில் அலைமோதின. தெரிந்தவன் ஒரு பார்வையிலேயே எதிரே வருகிறவனின் பள்ளி, கல்லூரி, கழகம் மூன்றையும் சொல்லிவிடுவான்; தெரியாதவன், தான் அந்த இடத்துக்கு உரியவனல்லன் என்பதைத் தெரிந்துகொள்வான். இந்த மௌன பாஷை அவ்வளவு திறமாக வேலை செய்துகொண்டிருந்தபோது, தனியாக ஒரு விதி எழுதிவைக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது?

அதற்கு விடை வடக்கே, டைன் நதிக்கரையில் இருக்கிறது. நியூகாசில் பிரதேசத்து நிலக்கரிச் சுரங்கங்களும் படகுத் துறைகளும் அந்தக் காலத்தில் உலகிலேயே சிறந்த துடுப்புக்காரர்களைப் பெற்றெடுத்துக்கொண்டிருந்தன. இளமையில் சுரங்கத்தில் வேலை செய்து பிறகு படகு கட்டுபவராக மாறிய ஹாரி கிளாஸ்பர், துடுப்பைத் தாங்கும் கொக்கிகளைப் படகின் விளிம்பிலிருந்து வெளியே நீட்டி அமைக்கும் முறையைச் செப்பனிட்டு, படகின் உடலை மெலியச் செய்தார். 1845இல் அவரும் அவருடைய சகோதரர்களும் தேம்ஸுக்கே வந்து லண்டன் படகோட்டிகளைத் தோற்கடித்தார்கள். அடுத்த ஆண்டே ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் அந்த முறையில் அமைந்த படகுகளில் ஏறிப் போட்டியிட்டன. டைன் கரையைச் சேர்ந்த மாத் டெய்லர் என்ற மற்றொரு படகுத் தச்சர், அடிக்கட்டை வெளியே துருத்தாத வழவழப்பான படகைக் கட்டிக் கொடுத்துப் பயிற்சியும் அளித்தார். அந்தப் படகில் ஏறிய ராயல் செஸ்டர் கழகம் 1856இல் ஹென்லியின் தலையாய கோப்பையைத் தூக்கிச் சென்றது. மறு வருஷம் ஆக்ஸ்போர்டு டெய்லரின் படகையே வாங்கிக்கொண்டது. 1870இல் கிளாஸ்பர் இறந்தபோது நியூகாசில் நகரமே அவருடைய சவ ஊர்வலத்தின் பின்னால் திரண்டது. அரசர்களுக்கும் சேனாபதிகளுக்கும் கூடுகிற ஜனங்களுக்குக் குறையாத ஜனம் ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளிக்காக வீதியில் நின்றது. கனவான்கள் கண்ட காட்சி இதுதான்: அவர்கள் உட்கார்ந்திருந்த படகு, அவர்கள் பிடித்த துடுப்பு, அவர்கள் இழுத்த பாணி ஆகிய எல்லாமே கைத்தொழிலாளியின் சிருஷ்டி. ஒரே கோட்டில் நிறுத்திப் பந்தயம் விட்டால் தொழிலாளி முந்திவிடுவான் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

கனவான்கள் தங்களுக்குள் விதியை மீறினால் அது வேடிக்கையாகவே கொள்ளப்பட்டது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1868இல் ஆக்ஸ்போர்டின் பிரேஸ்நோஸ் கல்லூரியைச் சேர்ந்த உட்கேட் என்பவர், நால்வர் படகில் சுக்கான் பிடிப்பவனின் பாரம் வீண் என்று கருதி, பந்தயம் தொடங்கிய கணத்திலே அவனை ஆற்றில் குதிக்கச் செய்தார். குதித்த இளைஞன் பெயர் பிரெடரிக் வெதர்லி; ‘டானி பாய்’ என்ற புகழ்பெற்ற பாட்டைப் பிற்காலத்தில் எழுதியவர் இவரே. படகு முதலாவதாக வந்தும் தகுதி இழந்தது. ஆயினும் சில ஆண்டுகளுக்குள் சுக்கான்காரன் இல்லாத நால்வர் பந்தயத்தை ஹென்லியே அங்கீகரித்துவிட்டது. உட்கேட் தமது தந்திரத்தை முதுமைக் காலத்திலும் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சுரங்கத் தொழிலாளி இதே தந்திரத்தைச் செய்திருந்தால் அதற்கு என்ன பெயர் சூட்டியிருப்பார்கள் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கு விடுகிறேன்.

விதி முதலில் தலைகாட்டியது ஆற்றில் அல்ல, ஓட்டப் பந்தயத்தில். 1866இல் லண்டனில் அமைந்த அமெச்சூர் தடகளக் கழகம், யந்திரத் தொழிலாளியோ கைவினைஞனோ கூலியாளோ அமெச்சூர், அதாவது பணத்துக்காக அன்றிப் பொழுதுபோக்காக ஆடுகிறவன், ஆகமாட்டான் என்று எழுதிவைத்தது. 1878இல் பிரதான படகுக் கழகங்கள் கூடி அதே வழியைப் பின்பற்றின. அவ்வாண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மன்றோ என்ற ஊரிலிருந்து வந்த நால்வர் ஹென்லியில் போட்டியிட்டதும், அவர்கள் கைத்தொழில் செய்து பிழைக்கிறவர்கள் என்ற பேச்சு எழுந்ததும் நெருப்பில் நெய் வார்த்தன. 1879இல் ஹென்லி நிர்வாகிகள் வகுத்த விதியின் சாரம் இது: பணப் பந்தயத்தில் கலந்துகொண்டவன் அமெச்சூர் அல்லன், தொழில்முறைக்காரனோடு சேர்ந்தோ அவனுக்கு எதிராகவோ பரிசுக்காகப் போட்டியிட்டவனும் அல்லன், ஜீவனத்துக்காக எந்த உடற்பயிற்சியையும் கற்றுக் கொடுத்தவனும் அல்லன், படகு சம்பந்தமான வேலையில் கூலி பெற்றவனும் அல்லன், கடைசியாக, கூலிக்கு உழைக்கும் யந்திரத் தொழிலாளியாகவோ கைவினைஞனாகவோ கூலியாளாகவோ இருக்கிறவனும், எக்காலத்திலாவது இருந்தவனும் அல்லன். 1882இல் தோன்றிய அமெச்சூர் துடுப்புச் சங்கம் இதையே தன் வேதமாக்கிக்கொண்டு, சில ஆண்டுகளில் பணிவிடைத் தொழில் செய்பவர்களையும் பட்டியலில் சேர்த்தது.

முதல் நான்கு பிரிவுகளுக்கும் ஏதோ ஒரு நியாயம் கற்பிக்கலாம். விளையாட்டைப் பிழைப்பாகக் கொண்டவன் ஒரு ஜாதி, பொழுதுபோக்காகக் கொண்டவன் வேறொரு ஜாதி என்று வாதாடலாம். கடைசிப் பிரிவோ விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லாதது. ஆயுளில் ஒரு பைசாகூடத் துடுப்பினால் சம்பாதிக்காத தச்சன், தச்சன் என்ற ஒரே காரணத்தால் விலக்கப்பட்டான். கட்சிக்காரரிடம் கைநீட்டிப் பணம் வாங்கிய வக்கீலும், சர்க்கார் சம்பளம் வாங்கிய ராணுவ அதிகாரியும், முழு அமெச்சூர்களாக மார்தட்டிக்கொண்டார்கள். உடலுழைப்பினால் தொழிலாளிக்குத் தசைப்பலம் ஏறுகிறது, மேஜைமுன் அமர்ந்து வேலை செய்கிறவனோடு அவனை மோதவிடுவது அநீதி என்று அவர்கள் சமாதானம் சொன்னார்கள். ஈட்டன் பள்ளியிலே பன்னிரண்டு வயதிலிருந்து மாமிசமும் பாலும் உண்டு, நாள்தோறும் மாலையில் துடுப்பிழுத்து வளர்ந்த பிள்ளையையும், பத்து வயதில் பஞ்சாலைக்குப் போய்ப் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்த்தவர்கள் இந்த வாதத்தை எப்படி வாய்விட்டுச் சொன்னார்களோ தெரியவில்லை.

உண்மையான பயம் வேறு. 1883இல் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் நெசவாலைத் தொழிலாளர்கள் நிறைந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி, பழைய ஈட்டன் மாணவர்களின் அணியை 2–1 என்ற கணக்கில் வீழ்த்தியது. அதற்குப் பிறகு அந்தக் கோப்பை பழைய மாணவர் அணி எதன் கைக்கும் திரும்பவேயில்லை. இரண்டு ஆண்டுகளில் கால்பந்துச் சங்கம் கூலி வாங்கி ஆடுவதைச் சட்டபூர்வமாக்கியது. ஆற்றங்கரைக் கனவான்கள் இந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தங்கள் வாயிற்கதவை இன்னும் ஒரு தாழ்ப்பாள் போட்டு இறுக்கிக்கொண்டார்கள். அவர்களால் அது முடிந்தது என்பதுதான் விசேஷம். கால்பந்து மைதானம் நுழைவுக் கட்டணத்தை நம்பி வாழ்ந்தபடியால் ஜனங்கள் யாரைப் பார்க்க விரும்பினார்களோ அவர்களை ஆடவிட்டே தீர வேண்டியிருந்தது. ஆறோ எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை, ஆகவே எவருக்கும் பணிய வேண்டிய நிர்ப்பந்தமும் அதற்கு இல்லை.

அமெச்சூர் தடகளச் சங்கம் 1880இல் ஆக்ஸ்போர்டில் தோன்றியபோதே தொழிலாளிகளை விலக்கும் பிரிவைக் கைவிட்டுவிட்டது என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். அதைக் கைவிட்டவர்கள் புரட்சிக்காரர்கள் அல்லர். அதே பல்கலைக்கழகத்தில் படித்த, அதே வர்க்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள்தான். ஆதலால் ஹென்லிக்காரர்கள் காலத்தின் கைதிகளாக இருந்தார்கள், வேறு வழி அவர்களுக்குத் தோன்றியிருக்க முடியாது என்று வாதாடுவாருக்கு நான் இணங்கமாட்டேன். மாற்று வழி அவர்கள் கண்ணெதிரே இருந்தது. அவர்கள் அதை வேண்டாமென்றார்கள்.

விதியின் மிகக் கொடிய பகுதி, மேலே நான் இரண்டாவதாகச் சொன்ன பிரிவு. விலக்கப்பட்டவனோடு போட்டியிட்டவனும் விலக்கப்பட்டவன் ஆகிறான்! தொட்டால் ஒட்டிக்கொள்ளும் தீட்டைப் பற்றி நம் நாட்டாருக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கருணையுள்ளம் படைத்த ஒரு கனவான் சனிக்கிழமை மாலையில் தச்சர்களின் கழகத்தோடு ஒரு நட்புப் பந்தயம் விட்டு ஒரு சிறு கிண்ணத்தைப் பரிசாகப் பெற்றால், மறு வாரம் தன் சொந்தக் கழகத்திலேயே துடுப்பெடுக்கும் பாத்தியதையை அவன் இழந்துவிடுவான். ஆகவே தச்சர்களோடு நட்பாயிருக்க விரும்பியவர்கள்கூட விலகியே நின்றார்கள்.

விலகாமல் நின்றவர் ஒருவர். 1825இல் ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, வக்கீல் தொழிலுக்குப் பயின்ற பிரெடரிக் பர்னிவால், தம் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பழைய ஆங்கில ஏடுகளைத் தேடி அச்சேற்றுவதில் கழித்தவர். பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டு அகராதி என்று பெயர் பெற்ற பேரகராதியின் ஆரம்ப காலப் பதிப்பாசிரியர்களில் ஒருவர். 1864இல் பழைய ஆங்கில நூற்பதிப்புக் கழகத்தை நிறுவியவர். ஏடு தேடிப் பதிப்பித்த மகான்கள் நம் நாட்டிலும் உண்டு; ஆனால் அவர்களில் எவரும் துடுப்பெடுத்துப் படகு விட்டதாகக் கேள்வியில்லை. பர்னிவாலுக்கோ படகு என்றால் உயிர். இருபது வயதிலேயே ஒரு நண்பருடன் சேர்ந்து தாமே ஒரு பந்தயப் படகைக் கட்டியவர், எண்பது வயதைத் தாண்டியும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேம்ஸில் துடுப்பிழுத்துக்கொண்டிருந்தார். 1854இல் லண்டனில் நிறுவப்பட்ட தொழிலாளர் கல்லூரியில் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்த அவர், பாடம் முடிந்ததும் மாணவர்களை ஆற்றுக்கு அழைத்துப் போவார். அச்சுக் கோக்கிறவர்களும் கடிகாரம் செப்பனிடுகிறவர்களும் தச்சர்களும் அவரிடம் பழைய கவிகளையும் துடுப்புப் பிடிக்கும் முறையையும் ஒருங்கே கற்றுக்கொண்டார்கள்.

அப்பேர்ப்பட்ட மாணவர்கள் அமெச்சூர்கள் அல்லர் என்று சங்கம் தீர்ப்பளித்தபோது பர்னிவாலின் கோபம் கரைபுரண்டது. 1890இல் அவரும் அவரைப் போன்ற சிலரும் சேர்ந்து தேசிய அமெச்சூர் துடுப்புச் சங்கம் என்ற போட்டி ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தார்கள். பணத்துக்காகப் பந்தயம் விடுவதை இந்தச் சங்கமும் அனுமதிக்கவில்லை. கைத்தொழிலாளியை விலக்கும் பிரிவை மட்டும் எடுத்துவிட்டது. அதனால் இங்கிலாந்தின் ஆறுகளில் இரண்டு அமெச்சூர் உலகங்கள் ஏற்பட்டன. இரண்டும் பணத்தை வெறுத்தன, இரண்டும் ஒன்றை ஒன்று சந்திக்கவே கூடாது. கிழவர் அத்தோடும் நிற்கவில்லை. 1896இல், தம் எழுபத்தொன்றாவது வயதில், ஹாமர்ஸ்மித் பகுதியில் பெண்களுக்கென்றே ஒரு படகுக் கழகத்தை ஆரம்பித்து, தேநீர்க் கடைகளில் பரிமாறும் பெண்களை அதிலே சேர்த்துக்கொண்டார். பிறகு ஆண்களையும் அனுமதித்த அந்தக் கழகம் அவருடைய பெயரோடு இன்றும் இயங்கி வருகிறது. பணிவிடைத் தொழில் செய்கிறவர், அதுவும் பெண், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில்! ஹென்லிக் கனவான்களின் மனத்தை நோகச் செய்வதற்கு இதைவிடச் சுருக்கமான வழி ஒன்று இருந்திருக்க முடியாது.

பர்னிவாலின் குரல் ஹென்லிக்கு எட்டவில்லை. எட்ட வேண்டிய அவசியமும் அவர்களுக்குத் தோன்றவில்லை. ஏனெனில் ஹென்லி நிர்வாகிகளை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை, இருக்கிறவர்களே காலியாகிற ஸ்தானத்துக்கு அடுத்தவரைப் பொறுக்கிக்கொள்வார்கள். பிரான்ஸ் தேசத்து கூபெர்டின் பிரபு இந்த ஏற்பாட்டைக் கண்டு வியந்து, 1894இல் தாம் நிறுவிய சர்வதேச ஒலிம்பிக் குழுவுக்கு இதையே முன்மாதிரியாகக் கொண்டார் என்பது விளையாட்டின் அரசியலை ஆராய்கிறவர்கள் மறக்கக்கூடாத செய்தி. சாம்ராஜ்யத்தின் மறு கோடிகளிலும் ஹென்லியின் பிரதிபிம்பங்கள் தோன்றின. நம் சென்னையில் அடையாற்றங்கரையில் 1867இல் அமைந்த படகுக் கழகம் வெகு காலம் வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. அங்கே வர்க்க விதியை எழுதிவைக்க வேண்டிய தேவையே எழவில்லை, தோலின் நிறம் அந்த வேலையைச் செய்துவிட்டது.

இனிக் கொத்தனாரின் கதை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அயர்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்த ஜான் கெல்லி, செங்கல் அடுக்கும் தொழில் கற்று, வெஸ்பர் என்ற படகுக் கழகத்தில் துடுப்புப் பழகி, 1920க்குள் தன் நாட்டின் தலைசிறந்த ஒற்றையர் வீரனாகிவிட்டான். அவ்வாண்டு ஹென்லியின் டயமண்ட் ஸ்கல்ஸ் பந்தயத்துக்கு அவன் அனுப்பிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நிர்வாகிகளின் குறிப்பேட்டில் இரண்டு காரணங்கள் பதிவாகியிருக்கின்றன. 1905இல் ஹென்லிக்கு வந்த வெஸ்பர் கழகத்தார் பொதுமக்களிடம் நிதி திரட்டிப் பயணச் செலவைச் சமாளித்ததால் அக்கழகத்தின் விண்ணப்பங்களை இனி ஏற்பதில்லை என்று மறு வருஷம் செய்த தீர்மானம் ஒன்று. கெல்லி கைத்தொழில் செய்தவன் என்பது மற்றொன்று. முதல் காரணமே போதுமானதாயிருக்க, இரண்டாவதையும் எழுதிவைத்த அந்தப் பேனாவின் ஆசையை என்னவென்பது? உலகம் முதல் காரணத்தை மறந்து இரண்டாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

டயமண்ட் ஸ்கல்ஸில் அந்த வருஷம் வென்றவர் ஜாக் பெரஸ்போர்டு. அவருடைய தந்தை மேஜை நாற்காலி செய்யும் தொழிலகத்தின் சொந்தக்காரர். நாற்காலி செய்யும் தொழிலகத்தை உடைமையாகக் கொண்டிருப்பதற்கும் அதிலே உட்கார்ந்து இழைப்புளி பிடிப்பதற்கும் இடையே ஓடிய கோடுதான் விதியின் கோடு. பெரஸ்போர்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1920 முதல் 1936 வரையில் ஐந்து ஒலிம்பிக்குகளில் ஐந்து பதக்கங்கள் வென்ற அந்த மாவீரனுக்கு எந்த விதியின் துணையும் தேவையாயிருக்கவில்லை. ஹென்லி விழா முடிந்த சில வாரங்களில் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவரும் கெல்லியும் இறுதிப் பந்தயத்தில் எதிரெதிரே நின்றார்கள். கெல்லி ஒரே ஒரு வினாடி வித்தியாசத்தில் வென்றான். இருவரும் கைகுலுக்கக்கூடத் திராணியற்றுப் போனார்கள் என்பார்கள். சிறிது நேரத்துக்குள்ளே கெல்லி தன் உறவினன் பால் காஸ்டெல்லோவுடன் மறுபடி படகேறி இரட்டையர் பந்தயத்தையும் வென்றான். பந்தயத்தில் தான் அணிந்திருந்த வியர்வை தோய்ந்த பச்சைத் தொப்பியை, ஒரு கொத்தனாரின் வணக்கங்களோடு இங்கிலாந்து மன்னருக்கு அவன் அனுப்பிவைத்தான் என்று ஒரு கதை வழங்குகிறது. தொப்பி அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, கதை உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது.

கெல்லி பிற்காலத்தில் பெரிய கட்டட ஒப்பந்தக்காரராகிச் செல்வம் குவித்து, 1935இல் பிலடெல்பியா மேயர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் சார்பில் நின்று தோற்றார். செங்கல் அடுக்கியதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. மாறாக, ஹென்லி தமக்கு இழைத்த அவமானத்தையே தம் கௌரவச் சின்னமாக ஆக்கிக்கொண்டார். மகன் பிறந்ததும் அவனுக்கும் ஜான் என்றே பெயரிட்டு, குழந்தைப் பருவத்திலிருந்தே துடுப்பைக் கையில் கொடுத்து வளர்த்தார். அந்த மகன் 1947இலும் 1949இலும் டயமண்ட் ஸ்கல்ஸை வென்றான். மகள் கிரேஸ், திரைப்பட நடிகையாகிப் பிறகு 1956இல் மொனாக்கோ மன்னரை மணந்து, 1981இல் ஹென்லி விழாவுக்குப் பரிசளிக்க அழைக்கப்பட்டாள். கொத்தனாரை உள்ளே விடாதவர்கள் கொத்தனாரின் மகளுக்கு எழுந்து நின்று வரவேற்பளித்தார்கள். மனம் மாறிவிட்டார்கள் என்று மகிழ்வதா, பட்டமகிஷிக்கு அளிக்கும் மரியாதை என்றைக்கும் அவர்களுக்குக் கைவந்த கலைதானே என்று நினைப்பதா, என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

விதியை வீழ்த்தியது கெல்லியும் அல்ல, பர்னிவாலும் அல்ல, போலீஸ்காரர்கள்! 1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகிற வழியில் ஆஸ்திரேலியாவின் எண்மர் அணி ஹென்லியில் போட்டியிட விரும்பியது. அவர்கள் நியூ சவுத் வேல்ஸ் போலீஸ் படையைச் சேர்ந்தவர்கள். போலீஸ்காரன் செய்வது உடலுழைப்பு, ஆகையால் அவன் அமெச்சூர் அல்லன் என்று அவர்கள் தடுக்கப்பட்டார்கள். 1912இல் சிட்னி கழகத்து அணி அதே ஹென்லியில் தலையாய கோப்பையை வென்று சென்றதை ஆஸ்திரேலியர்கள் மறந்திருக்கவில்லை. ஒன்றாகக் குருதி சிந்திய யுத்தத்தையும் மறந்திருக்கவில்லை. சாம்ராஜ்யத்தின் சட்டத்தைக் காக்கிறவன் சாம்ராஜ்யத்தின் ஆற்றில் துடுப்பெடுக்கத் தகாதவன் என்ற நிலையை லண்டன் பத்திரிகைகளுக்கே ஆதரித்து எழுத முடியவில்லை. பர்னிவாலின் நியாயங்களால் அசையாத கதவு, ஆஸ்திரேலியா போன்ற டொமினியன்களோடு உறவு கெட்டுவிடும் என்ற அச்சத்தால் அசைந்தது. 1937இல் துடுப்புச் சங்கமும், அதையொட்டி ஹென்லி நிர்வாகிகளும், கைத்தொழிலாளியை விலக்கும் பிரிவை நீக்கினார்கள். பர்னிவால் 1910லேயே காலமாகிவிட்டார். அவர் தொடங்கிய சங்கமும் பழைய சங்கமும் 1956இல் ஒன்றாக இணைந்தன.

விதி போயிற்று, சட்டையும் தொப்பியும் போகவில்லை. ஹென்லி ஆற்றங்கரையில் 1919இல் ஏற்படுத்தப்பட்ட நிர்வாகிகளின் தனியிடத்துக்குள் ஆண்கள் மேற்சட்டையும் கழுத்துப்பட்டையும் இல்லாமல் போக முடியாது. பெண்கள் முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை உடுத்தித்தான் வர வேண்டும் என்ற கட்டளை 2021ஆம் ஆண்டில்தான் தளர்த்தப்பட்டது. படகு யாரும் விடலாம். பார்ப்பதற்கு மட்டும் உடுப்பு வேண்டும்.

அடுத்த அத்தியாயத்தில், 1895 ஆகஸ்டு 29ஆம் தேதி ஹடர்ஸ்பீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வட இங்கிலாந்துக் கழகங்கள், வேலையிழந்த நேரத்துக்குச் சுரங்கத் தொழிலாளிக்குக் கூலி கொடுக்கலாமா என்ற ஒரே கேள்வியின்மேல் ரக்பி ஆட்டத்தை இரண்டாகப் பிளந்த வரலாற்றைப் பார்ப்போம்.

(தொடரும்)